காலித் தொட்டி நிறைந்ததாகச் சொன்ன நாள்

விமானக் கழிவறையில் பொத்தானை அழுத்தினால் எல்லாம் வானத்திலேயே கொட்டிவிடுகிறதா என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலய வாசலில் கோப்பி குடிக்கும்போதுகூட யாராவது ஒருவர் பிடித்துக்கொள்வார். "அந்தோணி அண்ணே, உண்மையச் சொல்லுங்கலா, எங்க தலையிலதான விழுது?" ஒரு சொட்டும் விழாது, எல்லாம் வால் பக்கத்துத் தொட்டியில் பத்திரமாக இருக்கும், தரையிறங்கிய பிறகு லாரி வந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும் என்று சொல்வேன். பாதிப் பேர் நம்பாமல் வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

போன மாதம் ஷர்மிளா எனக்கு ஒரு காணொளி அனுப்பினாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது அந்தப் பிரிவுக்கே பொறியாளர். காணொளியில் புதிய விமானமொன்றின் கழிவறை. பொத்தானே கிடையாது. கையைச் சற்று அசைத்தால் மூடி தானாக இறங்குகிறது, உறிஞ்சுகிறது, மறுபடி எழுகிறது. தொட்டியில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது அவளுடைய கைப்பேசியிலேயே தெரியுமாம். கீழே எழுதியிருந்தாள்: "அங்கிள், உங்க காலத்துல தொட்டி தப்பாக் காட்டி ஒரு ஆளு வேலையே போகப் பாத்துச்சாமே. பழைய ஆளுங்கள கேட்டா ஆளுக்கு ஒரு கத சொல்றாங்க. நீங்களே எழுதுங்களேன்."

அந்தக் கதையைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். என் அப்பா சவரிமுத்து பால்மரம் வெட்டியவர் இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் வரிசையாக இருந்த வாளிக் கக்கூசுகளைக் காலி செய்வதுதான் அவர் வேலை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரப் பையன்கள் யோசிப்பார்கள். அதை விரித்துச் சொல்ல எனக்கு இப்போதும் மனமில்லை. ஈப்போவில் தொழிற்பள்ளி, பிறகு கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுபாங்கில் விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் பயிற்சி. மலாயில் பாடம், ஆங்கிலத்தில் புத்தகம். இரண்டிலும் தட்டுத்தடுமாறித் தேறினேன். பயிற்சி முடிந்த அன்று அறிவிப்புப் பலகையில் பெயர்களை ஒட்டினார்கள். என் நண்பர்களுக்கு என்ஜின், சக்கரம், மின்சாரம் என்று கிடைத்தது. என் பெயருக்கு எதிரே 'நீர், கழிவுப் பிரிவு' என்று இருந்தது.

பேருந்து ஏறி ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார். "என்னா வேலைல போட்டாங்க?" "என்ஜின் பக்கம்ப்பா" என்றேன். அந்தப் பொய்யை ஏழு வருடம் காப்பாற்றினேன்.

பிரிவின் தலைவர் இராசநாயகம் சார். தைப்பிங்கில் பிறந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பம். வீட்டுத் தமிழை அப்படியே வேலையிடத்துக்கும் கொண்டுவருவார். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்'. என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்திலிருந்து போன என்னை அதுவரை யாரும் நீர் என்றதில்லை. கிண்டல் செய்கிறாரோ என்று முதல் வாரம் முழுக்கச் சந்தேகப்பட்டேன்.

"உமக்கு இந்த வேலையில அருவருப்பு இருக்கோ?" என்று முதல் நாளே கேட்டார்.

"இல்ல சார்."

"இருக்கும். அது இருந்திட்டுப் போகட்டும். கை மட்டும் ஒழுங்கா வேலை செய்தால் போதும்."

நான் சேர்ந்தபோது பழைய வகைக் கழிவறைகள்தான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் அடியில் தனித்தனித் தொட்டி, அதில் நீல மருந்துத் தண்ணீர். பொத்தானை அழுத்தினால் அதே தண்ணீரை ஒரு மோட்டார் வடிகட்டி மேலே சுற்றிவிடும். பத்து மணி நேரப் பயணத்தின் முடிவில் அந்த நீலம் என்ன நிறத்தில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வடிகுழாயின் வெளிமூடி சரியாக மூடாவிட்டால் கசிந்து, உயரத்துக் குளிரில் விமானத்தின் வயிற்றில் நீலப் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். வானத்திலிருந்து விழுகிறது என்ற பேச்சே அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு உறிஞ்சு கழிவறைகள் வந்தன. இராசநாயகம் சார் எங்களை ஒரு விமானத்துக்குள் கூட்டிப்போய், கிண்ணத்தின் முன் நிற்கவைத்து, சுவரில் கரித்துண்டால் படம் போடுகிறவர்போல் காற்றில் விரலால் வரைந்து விளக்கினார். மேலே, முப்பதாயிரம் அடிக்கு மேல், வெளிக்காற்று மிக மெல்லியது. உள்ளே நாம் மூச்சுவிடுவதற்காகக் காற்றை அடர்த்தியாக வைத்திருக்கிறோம். கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. ஈரத்தைப் பிரித்துவிட்டுக் காற்றை மட்டும் அது வெளியே விடும். அதனால் தொட்டிக்குள் எப்போதும் ஒரு வெறுமை. பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு குவளைக்கும் குறைவான தண்ணீர் கிண்ணத்தைச் சுற்றி வழியும். உடனே அடியில் ஒரு கதவு சில வினாடி மட்டும் திறக்கும். உள்ளே இருக்கும் காற்று அந்த வெறுமையை நோக்கிப் பாயும். போகிற போக்கில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். நாம் கேட்கிற அந்தப் பெரிய சத்தம் தண்ணீரின் சத்தம் இல்லை, காற்றின் சத்தம். தரையில் நிற்கும்போதும் தாழ்வாகப் பறக்கும்போதும் ஒரு மோட்டார் அந்த இழுப்பை உண்டாக்கும். உயரம் ஏறியதும் அது தானே நின்றுவிடும்.

பெரிய விமானத்தில் இடப்பக்கத்துக்கு ஒரு தொட்டி, வலப்பக்கத்துக்கு ஒரு தொட்டி. ஒவ்வொன்றிலும் மேற்பகுதியில் இரண்டு சென்சர். தொட்டி நிறைந்துவிட்டது என்று இரண்டும் சொன்னால், அந்தத் தொட்டியோடு சேர்ந்த எல்லாக் கழிவறைகளையும் இயந்திரமே நிறுத்திவிடும். இல்லையென்றால் நிரம்பி வழிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சென்சருக்குக் கண் இல்லை. தன் முகத்தில் எது ஒட்டியிருக்கிறதோ அதுதான் அதற்குத் தெரியும். முகத்தில் அழுக்கு உறைந்துவிட்டால், காலித் தொட்டியையும் நிறைந்தது என்று சொல்லும்.

ஆகவே சென்சரைச் சுத்தம் செய்வது எங்களுடைய முக்கியமான வேலை. வேலை அட்டையில் ஆறு வரி இருக்கும். தொட்டியைக் கழுவு. இரண்டு சென்சரையும் கழற்று. முகத்தைக் கையால் துடை. ரப்பர் வளையத்தை மாற்று. பொருத்து. கசிவு பார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே வேலை செய்தவன் கையெழுத்துப் போடவேண்டும். கடைசியில் மேலதிகாரி போடவேண்டும். இராசநாயகம் சார் சும்மா போடமாட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, டார்ச் விளக்கோடும் சிறு கண்ணாடியோடும் உள்ளே பார்ப்பார்.

"கண்டனீரோ?"

"கண்டேன் சார்."

"கையால தொட்டனீரோ?"

"தொட்டேன் சார்."

பிறகு மேலே போய் மூன்று முறை தண்ணீர் விட்டு அழுத்திப் பார்ப்பார். முதல் முறை கண்ணால் பார்ப்பார். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூன்றாவது முறை சுவர்ப் பலகையைக் கழற்றிக் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் சட்டைப்பையிலிருந்து பேனா வெளியே வரும். ஏழு வருடத்தில் ஒரு நாளும் இதில் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை.

ஒரே ஒரு நாள் விட்டார். என்னால்.

காம்பாரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் ரோஸ்லின். அவளுடைய அண்ணன் கோலாலம்பூருக்கு வேறு வேலையாக வருகிறார், அப்படியே மத்தியானம் என்னை வேலையிடத்தில் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. என்ஜின் பக்கம் வேலை என்றுதான் அவர்களிடமும் சொல்லியிருந்தோம்.

அன்று காலை ஒரு பெரிய விமானம் எங்களிடம் வந்தது. சாயங்காலமே நெடுந்தூரம் கிளம்பவேண்டியது. இடப்பக்கத் தொட்டியின் சென்சர்கள் அழுக்கு என்று எச்சரிக்கை காட்டியிருந்தது. அட்டையை என்னிடம் கொடுத்தார்கள். தொட்டியைத் தண்ணீர் விட்டு அழுத்திக் கழுவினேன். எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டது. மணி பதினொன்றரை. சென்சரைக் கழற்ற வேண்டுமென்றால் தோள்வரை கையை உள்ளே விட்டு நட்டுகளைத் தடவித் தடவித் திருகவேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்த வாடை தலைமுடியில் ஏறிக்கொள்ளும். ரோஸ்லினுடைய அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுருக்குவதை நான் அப்போதே பார்த்துவிட்டேன். பள்ளிக்கூட பெஞ்சு ஞாபகம் வந்தது. விளக்குத்தான் அணைந்துவிட்டதே என்று நினைத்தேன்.

ஆறு வரியிலும் கையெழுத்துப் போட்டேன்.

இராசநாயகம் சாரை இன்னொரு விமானத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள். போகிற வழியில் என்னிடம் நின்றார். "முடிஞ்சுதோ?" என்றார். "முடிஞ்சிருச்சு சார்" என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். குனியவில்லை. நின்றபடியே அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் குனியவில்லை என்பதைக் கவனித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, உணவகத்தில் ரோஸ்லினின் அண்ணனோடு கோழிச்சோறு சாப்பிட்டேன். என்ஜின்களைப் பற்றி நிறையப் பேசினேன்.

அன்று சாயங்காலம், விமானம் கிளம்புவதற்கு முன், பெருமாள் அண்ணன் தன் கழிவு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு தொட்டிகளையும் வழக்கம்போல் ஒருமுறை காலி செய்தார். அவரும் என்னைப்போல் பேரா மாநிலத்துக்காரர்தான், ஊர் தஞ்சோங் ரம்புத்தான். நாங்கள் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

விமானம் கிளம்பிச் சில மணி நேரத்தில் இடப்பக்கத் தொட்டி நிறைந்துவிட்டதாக இரண்டு சென்சரும் சொல்லின. இடப்பக்கக் கழிவறைகள் எல்லாம் தானாக நின்றுபோயின. முழு விமானத்துக்கும் வலப்பக்கத்தில் இருந்தவைதான் மிச்சம். நடைபாதையில் வரிசை வளர்ந்துகொண்டே போனது. அந்த வரிசையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நின்றிருந்தார், பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறவர். நெடுநேரம் நின்றார். முன்னே விடச் சொல்லிக் கேட்க அவருக்கு வெட்கம். கடைசியில் நின்ற இடத்திலேயே, எல்லோருக்கும் முன்னால், முடியாமல் போய்விட்டது. விமானப் பணிப்பெண் ஒருத்தி போர்வையைக் கொண்டுவந்து சுற்றி அவரைக் கூட்டிப்போனாளாம். மீதிப் பயணம் முழுவதும் அந்த அம்மா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவருடைய மகள் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்.

போய் இறங்கிய ஊரில் தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். சென்சர்கள் உடனே காலி என்று காட்டின. தொட்டியில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. ஆகவே இங்கே மேலே இருந்தவர்கள் கணக்கை எளிதாக முடித்தார்கள். தொட்டி சீக்கிரம் நிறைந்தது என்றால், கிளம்பும்போதே அது காலி செய்யப்படவில்லை. காலி செய்யவேண்டியவர் லாரி ஓட்டுநர். பெருமாள் அண்ணனை, விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வேலை போவது உறுதி என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

விமானம் திரும்பி வந்த அன்று, நானே கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். தனியாகத்தான் இருந்தேன். தோள்வரை கையை விட்டு இரண்டு சென்சரையும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். முகத்தில் நகக்கனத்துக்கு ஒரு படிவு. ஈப்போ குகைக்கோயில் சுவரில் தண்ணீர் வழிந்து வழிந்து உறைந்திருக்குமே, அந்த நிறம், அந்தக் கடினம். தண்ணீர் விட்டுக் கழுவினால் மேலே இருந்த சளி மட்டும் போய் விளக்கு அணையும். கொஞ்ச நேரத்தில் இந்தக் கல்லின்மேல் ஈரம் பிடித்ததும் மறுபடி நிறைந்தது என்று சொல்லும். அதுதான் நடந்திருக்கிறது. கத்தியால் ஒரு சுரண்டு, துணியால் ஒரு துடைப்பு. விஷயம் அதோடு முடிந்துபோகும். உலகத்தில் யாருக்கும் தெரியாது.

துடைக்கவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. புதிய சென்சர்களைப் பொருத்திவிட்டு, பழையவற்றை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி என் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

ஈப்போவில் இறங்கி தஞ்சோங் ரம்புத்தான் பேருந்தைப் பிடித்தேன். பெரிய மனநல மருத்துவமனையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெருமாள் அண்ணன் வீடு. சுபாங்கில் அறையெடுத்துத் தங்கி வேலை பார்த்துவிட்டு லீவில் மட்டும் அங்கே வருகிறவர். அவருடைய மனைவி லெட்சுமி அக்கா அந்த மருத்துவமனையின் துணி துவைக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். நான் போனபோது அண்ணன் வாசலில் சைக்கிள் டயருக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தார்.

"ஆபீஸ்ல லெட்டர் குடுத்துவிட்டாங்களா தம்பி?"

"இல்லண்ணே. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். லெட்சுமி அக்கா கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார். "பசியாறிட்டு வந்தீங்களா தம்பி? பிஸ்கட் இருக்கு, எடுத்துக்குங்க" என்றார். பிறகு அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இவரு ஒரு நாளு கூட லேட்டாப் போனதில்ல. இப்ப மூணு புள்ளைங்களும் ஏம்ப்பா வேலைக்குப் போகலன்னு கேக்குதுங்க."

"அதுக்கு அவரு என்னா பண்ணுவாரு, நீ சும்மா இரு" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒனக்குத் தெரியாததா. ஹோஸ்ல ஒரு எடத்துல கண்ணாடி வெச்சிருக்கு பாரு, அதுல பாத்துக்கிட்டே நிப்பேன். மொதல்ல கருப்பா வரும். அப்புறம் நீலமா வரும். தெளிஞ்ச தண்ணி வந்த பொறவுதான் வால்வ மூடுவேன். அன்னிக்கும் அப்படித்தான் செஞ்சேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேனே. சாட்சி இருக்கான்னு கேட்டாங்க." சிரித்தார். "பீய உறிஞ்சுறப்போ யாரு தம்பி பக்கத்துல வந்து நிப்பா?"

சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. கோப்பியைக் குடித்து முடித்தேன். சரிண்ணே, எல்லாம் நல்லபடியா முடியும் என்று ஏதோ சொன்னேன். அவர் பேருந்து நிற்கும் இடம்வரை கூடவே வந்து, பேருந்து வரும்வரை வெயிலில் நின்று என்னை ஏற்றிவிட்டார்.

அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டிருந்த காலம் அது. அப்பா மட்டும் லயத்து வீட்டில் இருந்தார். அம்மா இறந்து அப்போது நான்கு வருடம். வாசல்படியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் என்ஜின்ல இல்லப்பா."

"பின்ன?"

"கக்கூஸ்ல."

கத்தி நிற்கவில்லை. "ஏரோப்ளேன்லயும் வாளியா?" என்று கேட்டார்.

வாளி இல்லை என்றேன். பொத்தான், தண்ணீர், காற்று, தொட்டி, லாரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். காற்று எப்படி இழுக்கும் என்பதை இரண்டு தடவை சொல்லவைத்தார். "யாருக்கும் கையே படாதா?" என்றார்.

"ரிப்பேர் பண்றவன் கை மட்டும்தான்ப்பா படும்."

"அப்போ ஒன் கை."

"ஆமாப்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். அதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்த அமைதியில் தைரியம் வந்து மீதியையும் சொன்னேன். அட்டை, கையெழுத்து, அந்த அம்மா, பெருமாள் அண்ணன், காலையில் அவர் வீட்டுக்குப் போனது.

"அவருகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா. சொல்ல முடியல."

"அவரு வீட்டுல ஏதும் சாப்புட்டியா?"

"கோப்பி குடிச்சேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கிழங்குச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் லீவு மிச்சமிருந்தும் நான் காலை முதல் பேருந்தில் கிளம்பிவிட்டேன்.

இராசநாயகம் சார் தன் மேசையில் இருந்தார். பிளாஸ்டிக் பையை அவர் முன்னே வைத்தேன். அவர் கையுறை போட்டுக்கொண்டு, பையைப் பிரித்து, ஒரு சென்சரை எடுத்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்து எண்ணைப் படித்தார். அலமாரியிலிருந்து அன்றைய அட்டையை எடுத்தார். எண்ணை ஒத்துப்பார்த்தார். எல்லாம் நிதானமாக.

"நீர் இதைக் கழட்டேல்லையோ?"

"இல்ல சார்."

"ஆறு வரியும் போட்டிருக்கிறீர்."

"போட்டேன் சார்."

சென்சரைத் திரும்பப் பைக்குள் வைத்துக் கட்டினார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "நீர் செய்தால் நான் குனிஞ்சு பார்க்கத் தேவையில்லை எண்டு நினைச்சனான்."

அவர் திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சார், உங்க பேரு வேணாம். நான் உங்கள ஏமாத்திட்டேன்னு சொல்லிடறேன். அதுதான் உண்மையும்."

"என்ர கையெழுத்தும் இதில இருக்கு" என்றார். "பார்க்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் பார்க்கேல்லை. வாரும், ரெண்டு பேருமாப் போவம்."

சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, பையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, என் முன்னே நடந்தார்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். அந்த அம்மாவின் மகள் எழுதிய கடிதத்தை அங்கே வாசித்தார்கள். ஊர் திரும்புவதற்குத் தவிர அம்மா இனி விமானத்தில் ஏறமாட்டேன் என்கிறார், ஆகவே இனி நாங்கள்தான் வந்து அவரைப் பார்க்கவேண்டும் என்று முடித்திருந்தார் மகள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றது எனக்கு எந்தத் தண்டனையைவிடவும் பெரிது. நான் செய்ததைச் செய்தபடி சொன்னேன். ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். பெண்ணுடைய அண்ணன் வருகிறார், கையில் வாடை இருக்கக்கூடாது என்று நினைத்தேன் என்றேன். ஓர் அதிகாரி சிரிக்கப் பார்த்தார். இராசநாயகம் சார் அவரைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

பெருமாள் அண்ணனை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு மாதம் தற்காலிக வேலைநீக்கம். அதற்குப் பிறகு மூன்று வருடம் எந்த அட்டையிலும் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. என்னைவிட இளையவர்கள் வேலை செய்ய, நான் டார்ச் பிடித்தேன். இராசநாயகம் சாருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் வாங்கிய முதல் கடிதமும் கடைசிக் கடிதமும் அதுதான். அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். இடையில் ஒரு நாளும் அதைப்பற்றி என்னிடம் அவர் பேசவில்லை. நீர் என்று கூப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

காம்பாருக்கும் கடிதம் எழுதினேன். என்ஜின் இல்லை, கழிவறை. இப்போது கையெழுத்துப் போடக்கூட அனுமதி இல்லை என்று. ஆறு வாரம் பதிலே இல்லை. பிறகு ரோஸ்லினே எழுதினாள். அண்ணன் கோபமாக இருக்கிறார், சமாதானம் செய்ய நாளாகும், அதுவரை பொறுத்திருப்பீர்களா என்று கேட்டிருந்தாள். நாளாகத்தான் செய்தது.

நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் பெருமாள் அண்ணனைத் தேடிப் போனேன். பகல் வெயில். ஒரு விமானத்தின் வால்பக்கம் லாரியை நிறுத்தி ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து விமானத்தின் என்ஜின் சத்தம் காதை அடைத்தது.

"அண்ணே, நான்தான்..."

"தெரியும். சொன்னாங்க." என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹோஸின் பிடியை இறுக்கினார். "அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தியே, அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

வால்வைத் திறந்தார். ஹோஸ் குதித்தது. கொஞ்ச நேரம் போனது.

"குனி."

குனிந்தேன்.

"கண்ணாடியப் பாரு. என்னா தெரியுது?"

கறுப்பு போய், நீலம் போய், தண்ணீர் வெளுத்துக்கொண்டிருந்தது. "தெளிஞ்ச தண்ணிண்ணே."

"கேக்கல. சத்தமா சொல்லுலா!"

"தெளிஞ்ச தண்ணி!" என்று கத்தினேன்.

வால்வை மூடினார். சட்டைப்பையிலிருந்து தன் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு சீட்டையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினார். அந்தச் சீட்டில் என்னைப் போன்றவன் கையெழுத்துப் போட இடமே கிடையாது. ஓரத்தில் போட்டேன்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. நான் பக்கத்தில் எங்காவது வேலையாக இருந்தால், தண்ணீர் தெளிந்ததும் லாரியின் ஹாரனை இரண்டு முறை அடிப்பார். நான் போய்க் குனிந்து பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒருவர் இது என்ன கிறுக்கல் என்று கேட்டபோது, அண்ணன் "அவரு பாத்தாரு, அதான்" என்று மட்டும் சொன்னாராம். பதினொரு வருடம் இப்படிப் போனது. மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டு விசேஷங்களுக்குச் சொல்லியனுப்புவோம். ஆனால் என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவர் ஓய்வு பெற்ற நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அலுவலகத்தில் மாலை போட்டு, கேக் வெட்டிவிட்டு, எல்லோரும் கலைந்தபின் கடைசி விமானத்துக்கு அவரே லாரியை எடுத்துக்கொண்டு போனார். வேறு ஆள் போகிறேன் என்று சொல்லியும் விடவில்லை. நான் தூரத்தில் சக்கரத்தடியில் நின்றிருந்தேன். ஹாரன் இரண்டு முறை அடித்தது.

போனேன். குனிந்தேன். பார்த்தேன். "தெளிஞ்ச தண்ணிண்ணே" என்றேன். சீட்டை நீட்டினார். ஓரத்தில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதை மடித்து, அலுவலகத்துக்குப் போகவேண்டிய பெட்டியில் போடாமல், தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையுறைகளையும் கழற்றி லாரியின் படியில் போட்டுவிட்டு, வெறும் கையால் என் கையைப் பிடித்தார். நானும் அவசரமாக என் கையுறையைக் கழற்றினேன்.

"வீட்டுக்கு வா" என்றார். "ரோஸ்லினையும் கூட்டிக்கிட்டு வா. லெட்சுமி கோப்பி போடுவா."

அடுத்த ஞாயிறே போனோம்.